ஜலான் அலோரில் எடுத்த படம்

முகத்தைத் திருப்பு, பிள்ளை. கொஞ்சம் அந்தப் பக்கம். இல்லையென்றால் குனி. கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோலக் குனிந்துகொள். இவர்கள் எல்லோரும் யோகராணி அக்காவின் கையிலிருக்கும் முள்ளுப் பழத்தைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த படம் வரும்வரை குனிந்தபடியே இரு.

மயூரா வாய் திறக்காமல் மன்றாடிக்கொண்டிருந்தது, தொலைக்காட்சித் திரையில் நின்ற ஒரு புகைப்படத்திடம். படத்தில் இருப்பவர்கள் சொன்னால் குனியமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கவே பயமாக இருந்தது. அந்தச் சின்னச் சத்தத்தில் யாராவது உசாராகிப் படத்தை ஒழுங்காகப் பார்த்துவிடுவார்கள் போலிருந்தது.

அது ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகெட்டோவில், அவளுடைய கணவன் பாலேந்திரனின் அக்கா சிவநாயகியின் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வெளியே ஒக்டோபர் மழை. குடும்பத்துக்குப் பழக்கமான குலசேகரமும் யோகராணியும் இலையுதிர்கால விடுமுறைக்கு பாங்கொக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஒரே மூச்சில் மூன்று நகரங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கமராவைத் தொலைக்காட்சியோடு வயர் போட்டு இணைத்து, ரோல்ஸும் தேநீருமாகப் படக்காட்சி நடந்துகொண்டிருந்தது.

முதலில் பாங்கொக். பொன் பூசிய கோயில் கூரைகள், ஆற்றில் நீள நீளமான படகுகள், மிதக்கும் சந்தையில் ஓலைத் தொப்பியோடு யோகராணி. சிவநாயகி ஒவ்வொன்றையும் கதிரையின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, சந்தேகத்தோடு பார்த்தாள்.

"உதுவோ பாங்கொக்?"

"வேறை என்ன அக்கா? டிக்கெட்டிலை அப்பிடித்தான் போட்டிருந்தது," என்றார் குலசேகரம்.

"நான் எண்பத்தாறிலை மூண்டு மாசம் இருந்தனான். உப்பிடி ஒரு ஆறு இருந்ததாத் தெரியேல்லையே."

"ஏஜென்சிக்காரன் திரைச்சீலையைத் திறக்க விட்டிருந்தாலெல்லோ ஆறு தெரிய!"

எல்லோரும் சிரித்தார்கள். சிவநாயகியும் சிரித்தாள். நோர்வேக்கு வரும் வழியில் ஊர்ப்பட்ட சனத்தோடு ஒரு ஹோட்டல் அறையில் அடைந்து கிடந்த கதையை அவளே பல தரம் சொல்லியிருக்கிறாள். ஆனால் படங்கள் கோலாலம்பூருக்கு மாறிய பிறகும் அவள் கண் கொஞ்ச நேரம் திரையின் அதே மூலையில், ஆறு இருந்த இடத்தில், நின்றதை மயூரா கவனித்தாள்.

பிறகுதான் இந்தப் படம். ஜலான் அலோர் என்ற சாப்பாட்டுத் தெரு. யோகராணி துரியான் பழத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறாள்.

"மணம் எப்பிடி இருக்கும்?" என்று பாலேந்திரன் கேட்டான். அவன் பஸ் ஓட்டுபவன். "எங்கடை டிப்போவிலை உடுப்பு மாத்திற அறை மாதிரியோ?"

"அதுக்கும் மேலை. ஹோட்டலுக்குள்ளை கொண்டுபோக விடமாட்டாங்கள்."

யோகராணியின் தோளுக்குப் பின்னால், தெருவோரத்தில், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பெண் இருந்தாள். சாப்பிடும் குச்சிகளைப் பென்சில் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். எதிரில் இருந்தவள் சொன்ன எதற்கோ தலையைப் பின்னால் எறிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆரணி. பாலேந்திரனின் தம்பி கஜரூபனுக்கு ஜூன் மாதத்தில் மனைவியானவள்.

ஊரில் சண்டை, பாதை பூட்டு. மாப்பிள்ளைக்கு அங்கே போகப் பயம். பெண்ணுக்கு இங்கே வர விசா இல்லை. இரண்டு பேரும் போய்ச் சேரக்கூடியது மூன்றாவது நாடு ஒன்றுதான். அதனால் ஒஸ்லோத் தமிழர் பலரின் கல்யாண அல்பங்களில் கோயிலுக்குப் பின்னால் கோலாலம்பூரோ சிங்கப்பூரோ தெரியும். தாலி கட்டி, விருந்து வைத்து, நாலு இடத்தில் படம் எடுத்து, லீவு முடிய மாப்பிள்ளை திரும்பிவிடுவான். பெண் விசா வரும்வரை அங்கேயே ஒரு அறையில் இருப்பாள். அப்படித்தான் ஆரணி இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியறையில் இருந்தாள். இருக்க வேண்டியவள்.

"வெந்த், வெந்த்," என்றான் கஜரூபன். பொறுங்கோ என்பது அவனுக்கு நோர்வேஜிய மொழியில்தான் முதலில் வரும். பன்னிரண்டு வயதில் வந்தவன். நிலத்தில் இருந்து கமராவை இயக்கிக்கொண்டிருந்தவன் அடுத்த படத்துக்குப் போகாமல் ஒரு பொத்தானை அழுத்தினான். படம் பெருத்தது. யோகராணியின் பழம் திரையை விட்டுப் போனது. அவளுடைய தோள் போனது. பின்னாலிருந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்து திரை முழுக்க நிரம்பியது.

"ஐயோ," என்றாள் யோகராணி, "நான் கவனிக்கவேயில்லை. கவனிச்சிருந்தாக் கூப்பிட்டுக் கதைச்சிருப்பனே."

சிவநாயகி எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனாள்.

"கழுத்திலை தாலிக்கொடியைக் காணேல்லை," என்றாள்.

"அண்டைக்கும் கதைச்சனான்," என்றான் கஜரூபன். "கோயிலுக்குக் கூடப் போறேல்லை, அறையிலைதான் எண்டு சொன்னவ. ஹெல்ட் பின்லி." கடைசிச் சொற்களை அவன் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கக்கேடு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காது மடல்கள் சிவந்திருந்தன.

விருந்தாளிகள் சிங்கப்பூர்ப் படங்களைக் காட்டாமலே புறப்பட்டார்கள்.

சமையலறையில் சிவநாயகி தட்டுகளைக் கழுவினாள். மயூரா துடைத்தாள்.

"நீதான் அவளோடை கதைக்கோணும்."

"நானோ மச்சாள்?"

"வேறை ஆர்? நான் கதைச்சா மச்சாள் கொடுமை எண்டுவாள். தம்பி கதைச்சாச் சண்டையிலை முடிப்பான். நீ இருந்த பொம்பிளை. அதே ஊர், அதே தெரு. கிட்டத்தட்ட ஒரு வருசம் அறையை விட்டு அசையேல்லை. பாலன் எப்ப எடுத்தாலும் நீ ரெலிஃபோனடியிலை. நான் எத்தினை பேருக்கு உன்னைச் சொல்லியிருக்கிறன். அதை அவளுக்குச் சொல்லு."

"சின்னப்பிள்ளை. பொழுது போகாமல் ஒருக்கா..."

"பொழுது போகாட்டி ரீவி இருக்கு." சிவநாயகி தண்ணீரை நிறுத்தினாள். "தெருவிலை மறிச்சுப் பாஸ்போட்டைக் கேட்டு, ஏதும் பிழையெண்டு ஏத்தி அனுப்பினா? எங்கை போவாள்? யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. கொழும்பிலை லொட்ஜிலை இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸிலை ஏத்தித் துரத்தினது இந்த வருசந்தானே. நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை மயூரா."

அவள் குரல் உண்மையாகவே நடுங்கியது. அதுதான் சிவநாயகியோடு உள்ள கஷ்டம். அவளைக் கெட்டவள் என்று ஒதுக்க முடியாது. தாய் இல்லாத இரண்டு தம்பிமாரையும் ஒருவர் பின் ஒருவராக இந்த நாட்டுக்கு இழுத்து எடுத்தவள்.

"கோலாலம்பூருக்குக் கிட்ட, கிள்ளானிலை சண்முகலிங்கத்தார் இருக்கிறார்தானே, என்ரை மனுசன்ரை சொந்தம். சனிக்கிழமை காரிலை வந்து கூட்டிக்கொண்டு போவார். விசா வரும்வரைக்கும் அங்கை இருக்கட்டும். பாஸ்போட்டையும் அவரட்டைக் குடுக்கட்டும். நீ ஒரு வார்த்தை சொன்னா மறு கதை இல்லாமல் போவாள்."

மயூரா "ம்" என்றாள். அந்தக் குடும்பத்தில் "ம்" என்றால் ஓம்தான்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது பாலேந்திரன் குடையை அவள் பக்கம் சரித்துப் பிடித்தான். தண்டவாளத்தின் மேலிருந்த பாலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டு மயூரா நின்றாள். எப்போதும் நிற்பாள். ரயில் கீழால் போகும்போது உள்ளங்காலில் ஒரு அதிர்வு ஏறும்.

"இஞ்சரும், நாளைக்கே எடுத்துச் சொல்லிவிடும். அக்கா நித்திரை கொள்ளமாட்டா."

"அவள் என்னப்பா செய்தவள்? நூடில்ஸ் சாப்பிட்டவள்."

"நூடில்ஸ்தான். ஆனா அறையிலை எண்டெல்லோ சொன்னவள்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "நீர் இருந்தனீர்தானே," என்றான். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, பெருமைதான் இருந்தது. பத்து வருடமாக அவன் அந்தப் பெருமையை அவளுக்கு உடுத்திவிட்டிருந்தான். கழற்றும் இடம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் இருக்கவில்லை.

பாலேந்திரன் அப்போது விடிகாலைப் பஸ் ஓட்டினான். வேலை முடிந்து வந்து எடுத்தால் கோலாலம்பூரில் இரவு எட்டு மணியாக இருக்கும். எப்போதும் எட்டு. வீட்டுக்காரம்மாவின் ஹோலில் ஒரே ஒரு தொலைபேசி. ஏழரைக்குப் பின்வளவுக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்து அதனருகில் இருந்தால், நாள் முழுக்க அங்கேயே இருந்த மாதிரித்தான். "ரெலிஃபோனுக்கு என்ன, கண்ணோ இருக்கு?" என்றாள் மரியரஞ்சனி. அவள் சுவிஸுக்குக் காத்திருந்தவள், அறையில் மற்றக் கட்டிலுக்குச் சொந்தக்காரி. முதல் நாள் மயூராவைக் கையில் பிடித்துத் தெருவுக்கு இழுத்தவளும் அவள்தான்.

அந்த வருடம் எங்கோ காடுகள் எரிந்து, அந்தப் புகை கடல் கடந்து வந்து நகரத்தின் மேல் படுத்துக்கொண்டது. காலையில் இருந்த இரட்டைக் கோபுரங்கள் மத்தியானம் காணாமல் போயின. சனங்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு நடந்தார்கள். மூடிக்கொண்டு நடந்தால் யாழ்ப்பாணத்துப் பெண் யார், சீனப் பெண் யார், யாருக்குத் தெரியும்? மயூரா புகைக்குள் இறங்கினாள். பிங்க் நிற மினிபஸ்களில் ஏறினாள். அவை திருப்பங்களில் ஒரு பக்கம் சாய்ந்து, சனம் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு தெருப் பெயர்களைக் கூவுவான். எங்கே போகிறது என்று பாராமல் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, திரும்பி நடப்பாள். சௌ கிட் சந்தையில் மீன் விற்கும் மலாய்ப் பெண்கள் சுடா மக்கான், சாப்பிட்டாயா, என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லப் பழகினாள். சீனக் கோயிலில் சுருள் சுருளாகத் தொங்கும் ஊதுபத்திக்குக் கீழே நின்று சாம்பல் தலையில் விழ விட்டாள். இரண்டு ஆறுகள் சேரும் இடத்திலிருந்த பள்ளிவாசலின் தொழுகை முடியும்வரை அக்கரையில் இருந்தாள். மலேசிய விசாவைப் புதுப்பிக்க எல்லை தாண்டி சிங்கப்பூர் போனபோது, மாடிப் பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனத்தைப் பிடித்து, மரக்கிளைகள் கண்ணாடியில் அடிக்க அடிக்க நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனாள். ஒரு வேலையும் இல்லை. போய்த் திரும்பினாள்.

போகுமுன் தாலிக்கொடியைக் கழற்றி அரிசிப் பேணிக்குள் புதைத்துவிடுவாள். மோட்டார் சைக்கிளில் வந்து அறுத்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் ஒரு காரணம். பயத்தைத்தான் மரியரஞ்சனியிடம் சொன்னாள். மற்றக் காரணத்துக்கு அவளிடம் சொல் இருக்கவில்லை. அந்த மாதங்களில் அவள் மகளாக இருந்து முடித்திருந்தாள், மனைவியாக இன்னும் தொடங்கவில்லை. நடுவில் ஒருத்தி நடந்து திரிந்தாள். அவளை யாருக்கும் தெரியாது. மயூராவுக்கே அவள் கொஞ்சம் புதுசு.

ஒஸ்லோவுக்கு வந்ததும் பாலேந்திரன், "கஷ்டப்பட்டனீரோ?" என்று கேட்டான். ஓம் என்றாள். அதுவும் பொய் இல்லை. அழுத நாட்களும் இருந்தன. என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் சிவநாயகி அவளைப் பற்றி ஒரு கதையைக் கட்டி முடித்திருந்தாள். மயூரா அதற்குள் குடிபோனாள். சூடான கதைதான். ஆனால் கால் அடங்கவில்லை. இப்போதும் வேலை முடிந்து ட்ராமில் ஏறினால் சில நாட்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கமாட்டாள். கடைசித் தரிப்புவரை போய், ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்போது எதையோ மறந்தவள்போல இறங்குவாள். ஆனால் இங்கே புகை இல்லை. "உங்களை ட்ராம் கடைசித் தரிப்பிலை கண்டது, தனிய எங்கை போனனீங்கள்?" என்று கோயிலில் யாராவது கேட்பார்கள்.

திங்கட்கிழமை, அவள் வேலை செய்யும் சிறுவர் பள்ளியில், பிள்ளைகளை மஞ்சள் மேலங்கி போட்டு இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தண்ணீர்க் குட்டைக்கும் கையை உதறிவிட்டு ஓடினாள். கையைப் பிடி, கையைப் பிடி என்று சொல்வது மயூராவின் வேலை. சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் கசந்தது.

பின்னேரம் குறொன்லாண்ட் கடைத்தெருவில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினாள். கடைக்குள் நின்று கதைக்க முடியவில்லை. ஆற்றுப் பாலத்தடிக்குப் போனாள், அங்கேயும் நிற்க முடியவில்லை. ஆற்றங்கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இலக்கங்களை அழுத்தினாள்.

"ஹலோ?"

"ஆரணி, நான் மயூரா."

"தெரியும் அக்கா. இவர் நேற்றே எடுத்து ஏசிப்போட்டார். இப்ப நீங்களும் ஏசத்தான் எடுத்தனீங்கள்."

"சாப்பிட்டாச்சோ?"

"நூடில்ஸ் இல்லை அக்கா. சோறு."

மயூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமும் மெல்லிய சிரிப்பு. அறையில் யாரோ நித்திரையாக இருக்க வேண்டும்.

"அண்டைக்கு ஆரோடை போனனீர்?"

"என்ரை அறையிலை இருக்கிற பிள்ளையோடை. லண்டனுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறா. மோனோரயில்லை போனா கொஞ்ச நேரந்தான் அக்கா. அது மேலாலை போறது. ஆக்களின்ரை யன்னலுக்குள்ளாலை எல்லாம் தெரியும். உடுப்புக் காயும், சாமி விளக்கு எரியும். ஒரு சீனக் கிழவன் ஒவ்வொரு நாளும் பூனைக்குச் சீப்பாலை தலை இழுப்பான்..."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஐயோ. ஒவ்வொரு நாளும் எண்டா... ரெண்டு மூண்டு தரம்."

மோனோரயில் மயூராவின் காலத்தில் இல்லை. அவள் அந்த உயரத்திலிருந்து அந்தத் தெருக்களைப் பார்த்ததில்லை. பொறாமைபோல ஒன்று நெஞ்சில் தட்டியது.

"பிங்க் கலரிலை சின்ன பஸ் ஓடுறேல்லையோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லையே. நீங்கள் எங்கை கண்டனீங்கள்?"

"கோயிலுக்குப் போகேக்கை."

பொய் எவ்வளவு இலகுவாக வருகிறது.

"அக்கா, சண்முகலிங்கம் அங்கிள் சனிக்கிழமை வாறாராம். நான் போன மாசம் அங்கை ஒரு நாள் நிண்டனான். நல்ல ஆக்கள்தான். ஆனா கேற்றுக்கு ரெண்டு பூட்டு. குசினியிலை இருந்து ஹோல், ஹோலிலை இருந்து குசினி. என்னாலை ஏலாது." குரல் தணிந்தது. "நீங்கள் எப்பிடி அக்கா அறைக்குள்ளை இருந்தனீங்கள்? நக்கலுக்குக் கேக்கேல்லை. எல்லாரும் உங்களைத்தான் சொல்லுகினம். அதை எப்பிடிச் செய்யிறது எண்டு சொல்லித் தாங்கோ. நானும் செய்து பாக்கிறன்."

மயூரா நின்றாள். ஆறு மட்டும் ஓடியது.

"பழகிப்போகும்," என்றாள்.

அந்தச் சொல் தன் வாயிலிருந்து சிவநாயகியின் குரலில் வந்ததை அவள் கேட்டாள். ஆரணி "சரி அக்கா," என்று வைத்துவிட்டாள். அன்று மயூரா ட்ராமில் கடைசித் தரிப்புவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். எதுவும் ஆறவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவள் வீட்டில் ஒரு இடத்தில் இருக்கவில்லை. அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனாள், யன்னலிலிருந்து அலுமாரிக்கு. "என்னப்பா, வயித்துக்குள்ளை ஏதுமோ?" என்று பாலேந்திரன் கேட்டான். இல்லை என்றாள். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தாள். எங்கிருந்து தொடங்குவது? புகையிலிருந்தா, அரிசிப் பேணியிலிருந்தா? பத்து வருடம் கழித்து ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

சனிக்கிழமை மத்தியானம் சிவநாயகி எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். மேசையில் தொலைபேசி, பக்கத்தில் தேநீர்த் தட்டு. கஜரூபன் ஸ்ட்ரோம்மனில் கணினிக் கடையில் வேலைக்குப் போகும் சட்டையோடு வந்திருந்தான். நெஞ்சில் பெயர்த் தகடு. படத்தன்று இருந்த கோபம் அவனிடம் இப்போது இல்லை. களைத்துப்போயிருந்தான்.

"நான் கதைச்சா அவ அழுறா அண்ணி," என்றான். "நான் என்ன, பாக்க வேண்டாம் எண்டோ சொல்லுறன்? வந்த பிறகு எல்லாம் காட்டுவன்தானே. ஃபியோர்ட் காட்டுவன், ஸ்னோ காட்டுவன். கோலாலம்பூர் ஒரு ட்ரான்சிற்தானே. அதுக்குள்ளை என்ன பாக்கக் கிடக்கு?"

மயூரா அவனைப் பார்த்தாள். நல்ல பிள்ளை. அவளுக்குப் பனி காட்டுவான். அவள் என்ன பார்த்தாள் என்று கேட்கமாட்டான்.

"நான் பாங்கொக்கிலை மூண்டு மாசம் யன்னலைத் திறக்கேல்லை," என்றாள் சிவநாயகி, இலக்கங்களை அழுத்தியபடி. "எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கதிரையின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, "உதுவோ பாங்கொக்?" என்று அவள் கேட்டது மயூராவுக்கு ஞாபகம் வந்தது.

தொலைபேசி அங்கே மணியடித்தது. சிவநாயகி ஒலிபெருக்கியை அழுத்தினாள். ஆரணியின் குரலுக்கு முன் மழை வந்தது. தகரச் சரிவில் கல்லெறிவதுபோல விழும் மழை. இங்கே பெய்வதுபோல மூக்கால் அழும் மழை இல்லை. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள், தூரத்தில் பாங்கு ஓசை. மயூராவின் கால்விரல்கள் சப்பாத்துக்குள் மடங்கின.

"அங்கிள் வந்திட்டார்," என்றாள் ஆரணி. "கீழை காரிலை இருக்கிறார். நான் இன்னும் பெட்டி அடுக்கேல்லை."

"ஏன் அடுக்கேல்லை?" என்றாள் சிவநாயகி.

"மயூரா அக்கா சொல்லட்டும் மச்சாள். அவ இருந்தவ. அவ போ எண்டு சொன்னாப் போறன். வேறை ஒருத்தர் சொல்லியும் நான் போகமாட்டன்."

பிடிவாதத்தில் தொடங்கிய குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. சிவநாயகியின் முகத்தில் கோபத்தைவிட ஆறுதல்தான் தெரிந்தது. பெண் வழிக்கு வந்துவிட்டாள். இனி ஒரு வார்த்தை மட்டுந்தான். தொலைபேசியை மயூராவின் பக்கம் தள்ளினாள்.

"சொல்லு."

கஜரூபன் தன் பெயர்த் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பாலேந்திரன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான்: இரண்டு வசனம், முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

மயூரா தொலைபேசிக்குக் குனிந்தாள்.

"ஆரணி, கேக்குதோ?"

"ஓம் அக்கா."

"நான் அறையிலை இருக்கேல்லை."

கஜரூபனின் விரல் பெயர்த் தகட்டில் நின்றது.

"என்ன சொல்லுறாய்?" என்றாள் சிவநாயகி.

"வெளியிலை போனனான் மச்சாள். ரெலிஃபோன் வாற நேரத்துக்குத் திரும்பி வந்தனான்." அவள் தன் குரலைத் தானே கவனித்தாள். நடுங்கவில்லை, பெரிதாகவும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் குரல். "கொடியையும் கழட்டி வைச்சிட்டுத்தான் போனனான்."

பாலேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வெறுமையாகிவிட்டது என்று நினைத்து டிப்போவுக்குள் திருப்பும்போது, கண்ணாடியில் கடைசி ஆசனத்தில் ஒருத்தி இருப்பதைக் கண்ட ஓட்டுநரின் பார்வை அது. எங்கே ஏறினாள், எவ்வளவு நேரமாக இருக்கிறாள்?

"ஒவ்வொரு நாளுமோ?" என்று கேட்டான்.

"கிட்டத்தட்ட."

கோபிக்கப் போகிறானா, பிறகு பாலத்தில் நின்று என்ன பார்த்தனீர் என்று கேட்கப் போகிறானா, அவன் முகத்திலிருந்து தெரியவில்லை. இரண்டில் எது என்று அறியக் காத்திருக்க இப்போது நேரமில்லை.

சிவநாயகி சால்வையை இழுத்துப் போர்த்தினாள். அவள் உதடுகள் வெளுத்திருந்தன. "சரி. அது நடந்து முடிஞ்சது," என்றாள். "உன்னைக் கடவுள் காப்பாத்தினார். இப்ப அந்த மனுசன் கீழை காத்துக்கொண்டிருக்கிறார். இவள் உன்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாள். போ எண்டு ஒரு சொல்லுச் சொல்லு மயூரா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் உண்மையாகவே கும்பிடப் போனாள். மயூரா அந்தக் கைகளைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி, மேசையில் வைத்தாள். குளிர்ந்திருந்தன. பிறகு தொலைபேசியை அது முதலில் இருந்த இடத்துக்கு, தேநீர்த் தட்டின் பக்கத்துக்கு, நகர்த்தினாள்.

"இல்லை மச்சாள்," என்றாள். "நான் சொல்லமாட்டன்."